தங்கைக்குக் கிடைக்காத வைத்தியம்

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இளம்பெண் நோயில் விழுந்தாள்.

அவளுக்கு வந்திருப்பது சீதபேதி என்று வைத்தியம் நடந்தது. மருந்து கொடுத்தார்கள். நோய் மருந்துக்கு அடங்கவில்லை. நாளுக்கு நாள் முற்றியது. கடைசியில்தான் உண்மை தெரிந்தது. அது சீதபேதி அல்ல, மலக்குடலில் வந்த புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தப் பெண் இறந்துபோனாள்.

அவளுடைய அக்காள் ஒரு டாக்டர். சாதாரண டாக்டர் அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் தங்கப் பதக்கங்கள் வாங்கித் தேறியவர். ஊரார் வீட்டுப் பெண்களை எல்லாம் காப்பாற்றியவர். கூடப் பிறந்தவளைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை.

அந்தத் துக்கத்தை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. முப்பது ஆண்டுகள் மனத்திலே வைத்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் துக்கம் ஓர் ஆஸ்பத்திரியாக எழுந்து நின்றது. அதுதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

அந்த அக்காள்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

சமஸ்தானத்துக் குழந்தை

முத்துலட்சுமி பிறந்தது 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி. பிறந்த ஊர் புதுக்கோட்டை.

அந்தக் காலத்தில் புதுக்கோட்டை ஒரு தனிச் சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டுவந்தார்கள். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களும் அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்தவைதான். ரயில் கிடையாது. பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் மாட்டு வண்டி பூட்டிப் போக வேண்டும். வயிற்றில் வலி வந்தால் ஓமமும் பெருங்காயமும்தான் முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் குலதெய்வத்துக்கு முடிந்து வைப்பார்கள்.

முத்துலட்சுமியின் தகப்பனார் நாராயணசாமி அய்யர். மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள். இசை வேளாளர் குலத்தில் வந்தவர். அந்தக் கல்யாணத்தை அய்யரின் உறவினர் ஏற்கவில்லை. குடும்பம் ஒதுக்கி வைக்கப்பட்டது.

ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்பதை முத்துலட்சுமி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிறந்த வீட்டிலேயே பார்த்தார்.

திரை போட்ட வண்டி

பெண் குழந்தைக்கு எழுத்து எதற்கு என்று உலகம் நினைத்த காலம் அது. பெரியவளாகிவிட்டால் படிப்பு நின்றுவிடும். மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுவார்கள். சந்திரம்மாளுக்கும் மகளைக் காலத்தில் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் ஆசை.

மகளுக்கோ படிப்பின் மேல்தான் ஆசை. தகப்பனார் மகள் பக்கம் நின்றார். பள்ளிக்கூடம் போக முடியாத பெண் வீட்டிலேயே பாடம் படித்தாள். 1902-ம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினாள். ஊர் ஆச்சரியப்பட்டது.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண் அங்கே வந்து உட்காருவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று சிலர் பயந்தார்கள். தாயாரின் குலத்தைச் சொல்லியும் பேசினார்கள்.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவு போட்டார்.

திரை போட்ட வண்டியில் முத்துலட்சுமி கல்லூரிக்குப் போய் வந்தார். அத்தனை பையன்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். உடம்போ பலவீனம். அடிக்கடி மூச்சிரைப்பு வேறு. ஆனாலும் படிப்பில் பின்தங்கவில்லை.

பட்டணப் படிப்பு

1907-ம் ஆண்டில் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-ல்தான். ஆகவே திருச்சி வரை வண்டிப் பயணம். பிறகு ரயில். இருபத்தொரு வயதுப் பெண் டாக்டருக்குப் படிக்கப் பட்டணம் போகிறாள் என்பதே அன்று பெரிய செய்தி.

ஐந்து ஆண்டுப் படிப்பு. ஆபரேஷன் என்றால் ஆண் டாக்டருக்குத்தான் கைவரும் என்று எண்ணிய காலத்தில், அந்தப் பாடத்திலும் முன்னணியில் நின்றார். 1912-ம் ஆண்டில் தங்கப் பதக்கங்களோடு டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு எழும்பூரில் உள்ள சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனை

1914-ம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை முத்துலட்சுமி மணந்தார். அவரும் பேர்பெற்ற டாக்டர்.

கல்யாணத்துக்கு முன்பே மணப்பெண் ஒரு நிபந்தனை போட்டார். கணவர் தம்மைச் சரிசமமாக நடத்த வேண்டும். தம்முடைய பொதுத் தொண்டுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. இதுதான் நிபந்தனை. சுந்தர ரெட்டி சம்மதித்தார். கடைசி வரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. வீட்டிலே குழந்தைகள். வெளியிலே நோயாளிகள். பிரசவ வேதனையில் துடிக்கும் ஏழைப் பெண்கள் டாக்டரம்மாவைத் தேடி வந்தார்கள். வாழ்க்கை நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தங்கைக்கு நோய் வந்தது.

ஏமாற்றிய நோய்

அது 1920-களின் தொடக்கம். மலக்குடல் புற்றுநோயை அன்று அடையாளம் கண்டுகொள்வது எளிதாக இல்லை. அது வேறு நோயின் வேஷத்தில் வரும்.

மலத்தோடு ரத்தமும் சளியும் போகும். அடிக்கடி போக வேண்டும் போலத் தோன்றும். போனாலும் திருப்தி இருக்காது. பார்த்தால் அச்சாகச் சீதபேதி மாதிரியே இருக்கும். நம் நாட்டிலே சீதபேதி சர்வ சாதாரணம். அதனால் டாக்டரின் நினைப்பும் முதலில் அங்கேதான் போகும்.

இதற்குள் கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். குடல் ஒரு குழாய் போன்றது. கட்டி வளர வளர அந்தக் குழாயின் உட்புறம் சுருங்கும். ஒருநாள் முழுவதுமாக அடைத்துக்கொள்ளும். பிறகு மலமும் போகாது. காற்றும் பிரியாது. வயிறு பானை போல் உப்பும். வாந்தி வரும். வேதனை சொல்லி முடியாது.

அந்த நோய்க்கு அப்போதே வைத்தியம் இருந்தது என்பதுதான் பெரிய சோகம். லண்டனில் ஏர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன் மலக்குடல் புற்றுநோயை அடியோடு வெட்டி எடுக்கும் ஆபரேஷனை 1908-ம் ஆண்டிலேயே விளக்கி எழுதியிருந்தார். கடுமையான ஆபரேஷன்தான். ஆனால் நோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்தவர்களில் சிலராவது பிழைத்தார்கள்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால்! அதுதானே நடக்கவில்லை.

தங்கை போய்விட்டாள். டாக்டர் முத்துலட்சுமியின் மனத்தில் ஒரு கேள்வி மட்டும் தங்கிவிட்டது. டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், பட்டிக்காட்டில் இருக்கும் ஏழைப் பெண்ணுக்கு யார் கதி?

லண்டனில் கண்ட ஆஸ்பத்திரி

1925-ம் ஆண்டில் சர்க்கார் உதவியோடு முத்துலட்சுமி லண்டனுக்குப் புறப்பட்டார். பெண்கள் வைத்தியத்திலும் குழந்தை வைத்தியத்திலும் மேல் பயிற்சி பெறுவதற்காகப் போனார். ஆனால் புற்றுநோயை மறக்கவில்லை. லண்டனில் இருந்த புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் போய், அங்கே நடக்கும் சிகிச்சை முறைகளைக் கற்றறிந்தார்.

அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு கதை உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்ற டாக்டரின் மனைவி புற்றுநோயால் இறந்தார். மனைவியைக் காப்பாற்ற அந்த டாக்டரால் முடியவில்லை. அந்த ஏக்கத்தில் 1851-ம் ஆண்டில் அவர் தொடங்கியதுதான் அந்த ஆஸ்பத்திரி. இன்று அதற்கு ராயல் மார்ஸ்டன் என்று பெயர்.

மனைவியைப் பறிகொடுத்த டாக்டர் கட்டிய ஆஸ்பத்திரியில், தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் வந்து நின்றார். ஊரிலும் இப்படி ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற ஆசை அவர் மனத்தில் வேரூன்றியது.

சட்டசபையில் ஒரு பெண்

1926-ம் ஆண்டில் நாடு திரும்பினார். உடனே ஆஸ்பத்திரி கட்ட முடிந்ததா? முடியவில்லை. வேறு கடமைகள் அழைத்தன.

சென்னைச் சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவர்தான். 1927-ம் ஆண்டில் சபையின் துணைத் தலைவராகவும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அந்தப் போராட்டத்தின் வேதனை அவருக்குத் தாயார் வழியிலேயே தெரியும். 1929-ம் ஆண்டில் முதல் வெற்றி கிடைத்தது. தேவதாசிகளின் மானிய நிலங்களை ஊழியக் கடமையிலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் முழுச் சட்டம் 1947-ல் நிறைவேறியது.

1930-ம் ஆண்டில் காந்தியடிகளைக் கைது செய்தபோது பதவியைத் தூக்கி எறிந்தார். அந்தக் காலத்தில்தான் போக்கிடம் இல்லாத பெண் குழந்தைகள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

யாரை உலகம் வேண்டாம் என்று தள்ளியதோ, அவர்களுக்கு இடம் கொடுப்பதே அவருடைய வாழ்க்கையாக இருந்தது. அப்படித் தள்ளப்பட்டவர்களில் இன்னொரு கூட்டமும் இருந்தது. அவர்கள் புற்றுநோயாளிகள்.

சாகப்போகிறவனுக்கு ஆஸ்பத்திரியா?

1935-ம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. படித்த கல்லூரியின் விழா மேடையில் முத்துலட்சுமி அம்மையார் தமது பழைய ஆசையை வெளியிட்டார். புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார்.

கேட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள். காரியம் நடக்கவில்லை.

யுத்தம் வந்தது. சுதந்திரமும் வந்தது. பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1941-லேயே தொடங்கிவிட்டது. தென்னாட்டில் மட்டும் புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இல்லை. அம்மையார் பதவியில் இருந்தவர்களிடம் நடையாய் நடந்தார். புற்றுநோய் வந்தவன் எப்படியும் சாகப்போகிறவன், அவனுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணமே அங்கெல்லாம் எதிர்ப்பட்டது.

அந்த எண்ணத்தை அம்மையார் ஏற்கவில்லை. முதலாவது, எல்லாரும் சாகப்போகிறவர்கள் அல்ல; ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பலரைப் பிழைக்க வைக்கலாம். இரண்டாவது, சாகப்போகிறவனே ஆனாலும் அவன் மனிதன். வேதனையில் துடிக்க விட்டுவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொள்ளலாமா?

இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் 1949-ம் ஆண்டில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். பணக்காரர்களிடம் கேட்டார். ஏழைகளிடமும் கேட்டார். அறுபது வயது தாண்டிய அம்மையார் நன்கொடைக்காக வீடு வீடாகப் படியேறினார்.

அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர். வெளிநாட்டில் புற்றுநோய் வைத்தியம் பயின்று திரும்பியிருந்தார். தாயாரின் கனவு மகனின் கனவும் ஆயிற்று.

பன்னிரண்டு படுக்கைகள்

1952-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி வேலை தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67.

பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. சிறிய கட்டடம்தான். படுக்கைகள் பன்னிரண்டு. அடுத்த ஆண்டு சாந்தா என்ற இளம் பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். சர்க்கார் வேலை கிடைக்கக்கூடிய நிலையில், அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார்.

அந்த டாக்டர் சாந்தாவை நாடு பிறகு நன்றாக அறிந்துகொண்டது. 2005-ம் ஆண்டில் மகசேசே விருதும் 2016-ம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 2021-ம் ஆண்டு ஜனவரியில் காலமாகும் வரை அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடு.

1950-களிலேயே கோபால்ட் கதிர் இயந்திரம் வந்துவிட்டது. உடம்பின் உள்ளே இருக்கும் கட்டியை வெளியிலிருந்தே கதிர் பாய்ச்சிச் சுருங்க வைக்கும் இயந்திரம் அது. பன்னிரண்டு படுக்கைகள் பல நூறாகப் பெருகின. கையில் காசில்லாதவனும் வரலாம் என்ற அம்மையாரின் கொள்கை மாறவில்லை.

1956-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். எண்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் எட்டு நாட்களே இருந்தன.

மறுபடியும் வரும் நோய்

அம்மையார் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் தங்கைக்குச் செய்ய முடியாத பலவற்றை இன்றைய டாக்டர்கள் செய்கிறார்கள். அதில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

சென்னையில் ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. இரைப்பையை வெட்டி எடுத்து ஆபரேஷன் செய்கிறார்கள். சிலருக்கு அதோடு நோய் தீர்ந்துவிடுகிறது. சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் வருகிறது.

அப்படித் திரும்பி வரும் நோய் வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் விதை தூவியது போலப் பரவுவது உண்டு. அது குடலை வெளியிலிருந்து இறுக்கும். குடல் அடைத்துக்கொள்ளும். அம்மையாரின் தங்கைக்கு மலக்குடலில் வந்ததும், இவர்களுக்கு இரைப்பையில் தொடங்கியதும் வேறு வேறு நோய்தான். ஆனால் குடல் அடைத்துக்கொண்டால் படும் பாடு ஒன்றே.

இந்த நிலையில் நோயை அடியோடு தீர்ப்பது பெரும்பாலும் முடியாது. பழைய காலமாக இருந்தால் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லியிருப்பார்கள். அல்லது வயிற்றைக் கிழித்து, குடலை வயிற்றின் மேல்புறத்தில் திறந்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்வார்கள். இந்த ஆபரேஷன் இன்றும் தேவைப்படுகிறது. உயிரையும் காக்கிறது. ஆனால் ஏற்கெனவே நொந்த உடம்பு, இன்னொரு கத்தியைத் தாங்குமா என்பது பெரிய கேள்வி.

அடைத்த குடலுக்கு ஒரு வலைக் குழாய்

இங்கேதான் ஸ்டென்ட் வருகிறது. இதய நோயாளிகளுக்கு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைப்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். குடலுக்கு வைப்பதும் அதே மாதிரிதான். அளவு மட்டும் பெரிது.

அது மெல்லிய கம்பியால் பின்னிய வலைக் குழாய். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தில் செய்தது. அழுத்திச் சுருக்கினால் பேனா போல ஒல்லியாகும். விட்டால் விரிந்துகொள்ளும்.

டாக்டர் ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்துவார். அடைப்பு இருக்கும் இடத்தைப் பார்ப்பார். முதலில் ஒரு மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டி அனுப்புவார். அந்தக் கம்பியின் மேலாகச் சுருக்கிய ஸ்டென்ட் போகும். எக்ஸ்ரே படத்தில் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில் அதை விடுவிப்பார். வலை மெல்ல விரியும். ஒன்றிரண்டு நாட்களில் முழு அகலத்துக்கு வந்துவிடும். அந்த அகலம் சுமார் 2 முதல் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும்.

வழி திறந்ததும் உப்பிய வயிறு தணியும். வாந்தி நிற்கும். வயிற்றைக் கிழிக்கவில்லை. தையல் இல்லை. சில நாட்களில் நோயாளி வீட்டுக்குப் போய்விடலாம். குழைந்த சோறு, இட்லி, கஞ்சி என்று மென்மையான உணவு சாப்பிடலாம். முருங்கைக்காய், வாழைத்தண்டு போன்ற நார்ப் பொருள்களை மட்டும் விலக்க வேண்டும். அவை வலையில் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

குடலில் இப்படி ஸ்டென்ட் வைப்பது 1990-களின் தொடக்கத்தில்தான் பழக்கத்துக்கு வந்தது. பெயர் மட்டும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற பல் டாக்டரின் பெயர் அது. பல்லுக்கு அச்செடுக்க அவர் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். அந்தப் பசையின் பெயர் பிறகு உடம்பின் வழிகளைத் தாங்கிப் பிடிக்கும் குழாய்க்கு ஒட்டிக்கொண்டது.

எல்லாருக்கும் பொருந்தாது

ஸ்டென்ட் மந்திரக் கோல் அல்ல. அது புற்றுநோயைக் குணமாக்காது. வேதனையைத் தணிக்கும், அவ்வளவுதான்.

அதிலும் சில ஆபத்துகள் உண்டு. குடலில் ஓட்டை விழலாம். ஸ்டென்ட் இடம் நகரலாம். வலையின் கண்கள் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து மறுபடியும் அடைக்கலாம். சவ்வில் பரவிய நோய் ஒரே நேரத்தில் குடலைப் பல இடங்களில் இறுக்கியிருந்தால், ஓர் இடத்தில் மட்டும் வழி திறந்து பயன் இல்லை. அடைப்பு ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தாலும் ஸ்டென்ட் சரிப்படாது. வலியும் தொல்லையும்தான் மிஞ்சும்.

ஆகவே யாருக்கு ஸ்டென்ட், யாருக்கு ஆபரேஷன், யாருக்கு மருந்து மட்டும் என்பதை ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

எதுவும் செய்ய முடியாத நிலையிலும் செய்ய வேண்டியது உண்டு. வாந்தியைக் குறைக்க மருந்து இருக்கிறது. கடும் வலிக்கு மார்பின் இருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றின் பாரத்தை இறக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள மனிதர் இருந்தால், அதுவும் ஒரு மருந்துதான். இதற்கு வேதனை தணிக்கும் வைத்தியம் என்று பெயர்.

இந்த வைத்தியத்தால் சிலருக்குக் கிடைப்பது சில மாதங்கள்தான். சில மாதங்களால் என்ன பயன் என்று கேட்கலாம். மகளின் கல்யாணத்தைப் பார்க்கலாம். பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகலாம். வாந்தியும் வலியும் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் நாலு நாள் உட்கார்ந்திருப்பதே ஒரு பாக்கியம்தான்.

இன்று வல்லத்திராக்கோட்டையில்

அம்மையார் பிறந்த சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு சேர்ந்தது. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று. 2017-ல் புதுக்கோட்டையில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று வல்லத்திராக்கோட்டையில் ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு என்றால் மாட்டு வண்டி பூட்ட வேண்டியதில்லை. பஸ் ஏறினால் பெரிய ஆஸ்பத்திரி.

வண்டி மாறிவிட்டது. தயக்கம் மட்டும் மாறவில்லை.

மலத்தில் ரத்தம் போனால் இன்றும் பலர் மூலம் என்று சொல்லிக் கைமருந்து சாப்பிடுகிறார்கள். பெண்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்வதே இல்லை. நெஞ்செரிச்சல் என்று மாதக்கணக்கில் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களும் உண்டு.

இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யக் கூடாது: மலத்தில் ரத்தம்; தார் போலக் கறுத்த மலம்; மலம் கழிக்கும் பழக்கத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் மாறுதல்; காரணம் இல்லாமல் உடம்பு இளைத்தல்; கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுதல்; திரும்பத் திரும்ப வாந்தி; விழுங்கச் சிரமம்.

இவை இருந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு வேறு சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் அடியோடு நின்றுவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. புற்றுநோய் தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. தொட்டால் ஒட்டாது. நோயாளியைத் தனி அறையில் தள்ளி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒதுக்கி வைப்பதுதான் நோயைவிடக் கொடியது.

இது முத்துலட்சுமி அம்மையாருக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒதுக்கி வைக்கப்பட்ட வீட்டில் பிறந்தவர் அல்லவா!

தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் மகப்பேறு நிதியுதவி இன்று அவர் பெயரால் நடக்கிறது. தாயாகும் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். அடையாறு ஆஸ்பத்திரியின் வாசலில் ஏழை நோயாளிகள் இன்றும் வந்து நிற்கிறார்கள். குணமாகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். குணமாகாதவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் அங்கே இடம் உண்டு.

அந்தத் தங்கைக்கு அன்று கிடைக்காதது அதுதான்.